மழை நாள் மாத்திரை

முதல்லயே சொல்லிடுறேன். எங்க வீட்டுக்காரர் மாத்திரைய போடாம ஏமாத்தல. மாத்திரை குடுக்காம விட்டது நான்தான். இத மறைச்சு வச்சிட்டு மத்ததெல்லாம் எழுதினா, நான் எழுதுறதுல ஒரு பிரயோசனமும் இல்ல.

தெஹியோவிட்டைக்கு மேல ஒரு ரப்பர் தோட்டத்துல இருக்கோம். நான் பிள்ளைக்காம்பராவுல வேலை செய்யுறேன், தாய்மார் வேலைக்குப் போனப்புறம் கைக்குழந்தைகள பாத்துக்குற வேலை. அவர் பேரு கணேசன், பால் வெட்டுறவரு. ஆஸ்பத்திரியில மருந்து குடுக்குற ரிஸ்வானா மிஸ்தான், குடிக்கு மருந்து எடுக்குற மத்த குடும்பங்களுக்கு உங்க கதைய வந்து சொல்லுங்க அக்கான்னு கேட்டாங்க. நாலு பேருக்கு முன்னாடி எந்திரிச்சு நின்னா எனக்கு நாக்கு மேல ஒட்டிக்கும். வேணும்னா எழுதித் தாறேன், நீங்களே வாசிச்சுக் காட்டுங்கன்னு சொல்லிட்டேன்.

பதினஞ்சு வருஷம் குடிச்சாரு. கசிப்பு, களவா காய்ச்சுற சாராயம். மகள் பெரிய புள்ளையான சடங்கன்னைக்கு, வந்த சனத்துக்கு முன்னாடி சாப்பாட்டுப் பந்தியில விழுந்தாரு. மக அன்னையிலேர்ந்து அவர்கூட பேசல. அந்த வெக்கத்துல மறுநாளே ஒரேயடியா நிறுத்தினாரு. நானும் சாமிய கும்பிட்டு, வந்துச்சுடா நல்ல காலம்னு இருந்தேன். மூணாவது நாளு கை நடுங்க ஆரம்பிச்சது. டம்ளரு பிடிக்க முடியல. சுவத்துல எறும்பு ஏறுதுன்னு தட்டித் தட்டி விட்டாரு, எறும்பே இல்ல. அப்பதான் முதல் தடவை ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அங்க டொக்டர் சொன்னது: வருஷக்கணக்கா குடிச்ச உடம்பு சாராயத்துக்கு பழகிப் போயிருக்கும். திடீர்னு நிறுத்தினா நரம்பெல்லாம் தறிகெட்டுப் போகும், வலிப்பு வரும், உயிரே போகலாம். அதனால குடிய நிறுத்துறவங்க வீட்டுக்குள்ள கதவ சாத்திக்கிட்டு நிறுத்தக்கூடாது, டொக்டர்கிட்ட சொல்லிட்டுத்தான் நிறுத்தணும். இது எனக்கு அன்னைக்கு வரைக்கும் தெரியாது. எட்டு நாள் வச்சு, விட்டமின் ஊசி போட்டு, நடுக்கத்துக்கு மருந்து குடுத்து அனுப்பினாங்க. அனுப்பும்போது அவர்கிட்ட சம்மதம் கேட்டுத்தான் அந்த வெள்ளை மாத்திரைய எழுதிக் குடுத்தாங்க.

டைசல்ஃபிராம்னு பேரு. இது குடிக்கணும்ங்கிற ஆசைய போக்குற மருந்து இல்ல. நாம குடிக்கிற சாராயம் உடம்புக்குள்ள படிப்படியா உடைஞ்சுதான் வெளிய போகுமாம். இந்த மாத்திரை அத நடுவுல மறிச்சுப் போடும். பாதி உடைஞ்ச விஷம் ரத்தத்துல அப்படியே நிக்கும். மூஞ்சி செவக்கும், வாந்தி வரும், நெஞ்சு படபடக்கும், பிரஷர் இறங்கும். இந்த பயத்துலயே மனுசன் குடிக்க மாட்டான். அவருக்கு அது சரியா இருந்துச்சு. மாத்திரை உள்ள இருக்குன்னு தெரிஞ்சாத்தான், புள்ள, என் காலு நேரா வீட்டுக்கு வருதுன்னு சொல்லுவாரு. ஏழு மாசம் அப்படி நேரா வந்துச்சு. மகளும் அப்பான்னு கூப்பிட ஆரம்பிச்சா.

இப்ப என் தப்புக்கு வாறேன். டொக்டர் சிங்களத்துல சொன்னது, தினமும் காலையில வேலைக்குப் போறதுக்கு முந்தி ஒண்ணு. எனக்கு சிங்களம் நல்லாவே தெரியும். வார்த்தை வார்த்தையா விளங்கிச்சு. ஆனா பால் வெட்டுற வீட்டுல வேலை நாளு வேற, மழை நாளு வேற. மழை பேஞ்சா மரப்பட்டையில தண்ணி ஓடும், பால் சிரட்டையில சேராம கழுவிக்கிட்டுப் போயிடும். அன்னைக்கு வெட்டு கிடையாது. எங்க பக்கம் மழைய பத்தி சொல்லவா வேணும். மாசத்துல ஒம்பது பத்து நாளு அவர் வீட்டுலதான் கெடப்பாரு. வெட்டு இல்லாத நாளுக்கு மாத்திரை எதுக்குன்னு நான் நெனச்சேன்.

நான் ஒண்ணும் முட்டாள்தனமா நெனைக்கல. கசிப்பு விக்கிற இடம், பால் நிறுக்குற மடுவத்துக்கு கீழதான் இருக்கு. வேலை முடிஞ்சு வர்ற பாதையிலதான் அவருக்கு ஆபத்துன்னு என் கணக்கு. மழை நாள்ல அந்தப் பக்கமே போறதில்லையே. அதோட ஒரு தடவை ஆஸ்பத்திரியில அந்த மாத்திரை இல்ல, வெளிய வாங்குங்கன்னு துண்டு எழுதிக் குடுத்தாங்க, அவிசாவளை வரைக்கும் பஸ்ஸுல போய் கடை கடையா ஏறி இறங்கினேன். அதுக்கப்புறம் ஒவ்வொரு மாத்திரையும் எனக்கு தங்கம் மாதிரி. மழை நாளு மாத்திரைய பால்மா டின்னுல போட்டு மேல வச்சேன். நாளைக்கு இல்லாம போனா உதவும்னு நெனச்சேன். மாத்திரை என் கையிலதான் இருந்துச்சு. நான் பிளேன்டி தேத்தண்ணியோட நீட்டுவேன், அவர் வாங்கிப் போடுவாரு. நீட்டாத நாளு அவர் கேட்டதே இல்ல.

அந்த வாரம் அஞ்சு நாளா விடாம மழை. நான் பிள்ளைக்காம்பராவுல ஒரு குழந்தைக்கு சோறு ஊட்டிக்கிட்டிருந்தேன். பக்கத்து வீட்டுப் பொண்ணு நனைஞ்சுக்கிட்டே ஓடிவந்து, அக்கா, அண்ணன் வாசல்ல கெடக்குறாருன்னு சொன்னா. போய் பாத்தா மூஞ்சி கழுத்தெல்லாம் நெருப்பா செவந்து கெடக்கு. வாந்தி எடுத்து எடுத்து ஒண்ணும் மிச்சமில்ல. நெஞ்சு வெடிக்குது புள்ளன்னு சொன்னாரு. சாராய வாடை. நான் தூக்கல. நின்ன இடத்துல நின்னு, நீ செத்துப்போன்னு சொன்னேன். கல்யாணமாகி பதினெட்டு வருஷத்துல எவ்வளவோ திட்டியிருக்கேன், ஆனா அன்னைக்கு மனசார சொன்னேன். அடுத்த நிமிஷம் அவர் கண்ணு மேல சொருகிச்சு. அதுக்கப்புறம் த்ரீவீல்ல எப்படி ஏத்தினோம்னு எனக்கு நெனவில்ல. ஆத்துத் தண்ணி ரோட்டுல ஏறியிருந்ததால சுத்துப் பாதையில போனோம். வழி பூரா அவர் மணிக்கட்ட பிடிச்சு, நாடி இருக்கா இருக்கான்னு பாத்துக்கிட்டே போனேன். எனக்கு நாடி பாக்கவே தெரியாது.

ஆஸ்பத்திரியில உள்ள கொண்டுபோய் கதவ சாத்திட்டாங்க. சேலைன் ஏத்தி, மூக்குல ஒக்சிஜன் குடுத்து, நெஞ்சுல வயரு ஒட்டி மெஷின்ல பாத்தாங்களாம். நான் வெளிய நீட்டு பெஞ்சுல ஈரச்சீலையோட உக்காந்திருந்தேன். கதவு திறக்கும்போதெல்லாம் எந்திரிச்சேன். எந்திரிச்சு உக்காந்து எந்திரிச்சு உக்காந்து, ஒரு நர்ஸ் மிஸ்ஸி வந்து என் தோள அமுக்கி உக்கார வச்சாங்க. நான் உள்ளுக்குள்ள ஒண்ணேதான் கேட்டுக்கிட்டிருந்தேன். மாத்திரை குடுத்து அஞ்சு நாளாச்சே, பின்ன எப்படி இது வந்துச்சு?

அதுக்கு பதில் ராத்திரி டொக்டர் சொல்லிட்டாரு. இந்த மாத்திரை போட்ட அன்னையோட முடியாது. கடைசி மாத்திரைக்கு அப்புறமும் ஒரு வாரம், சிலருக்கு ரெண்டு வாரம் உடம்புல நிக்கும். விட்டு விட்டு போடுறவனுக்குத்தான் இது எமன். போடாத நாளு குடிச்சா ஒண்ணும் ஆகாதுன்னு நம்பி குடிப்பான், மாட்டிக்குவான். நான் தலைய ஆட்டினேன். டின்ன பத்தி ஒண்ணும் சொல்லல.

மூணாவது நாள் காலையில பெரிய டொக்டர் வாட்டுக்கு வந்தாரு. ஆம்பளை வாட்டுல நான் நிக்கக்கூடாது, ஆனா எங்க வீட்டுக்காரருக்கு கஞ்சி குடுக்க விட்டிருந்தாங்க. சின்ன டொக்டர்மார்கிட்ட சிங்களத்துல சொன்னாரு, இந்த ஆள் மருந்த ஒளிச்சு வச்சிட்டு குடிக்கிற ஆள், இப்படி ஆளுக்கு இந்த மருந்த மறுபடி குடுக்க முடியாது, அடுத்த தடவை இதயம் தாங்காதுன்னு. எங்களுக்கு விளங்காதுன்னு நெனச்சாரோ என்னவோ. எங்க வீட்டுக்காரர் என்னப் பாக்கல. கஞ்சிக் கிண்ணத்தையே பாத்துக்கிட்டிருந்தாரு. மாத்திரை இல்லாம வீட்டுக்கு வந்தா ஒரு மாசம் தாக்குப்பிடிப்பாரா? அந்த மடுவத்து பாதையில தினமும் ரெண்டு தடவை நடக்கணுமே.

அப்பவும் நான் சொல்லல. வெக்கம் ஒரு பக்கம். நாத்தனா பாக்கியம் அண்ணிக்கு தெரிஞ்சா என்ன பேசுவாங்களோன்னு பயம் ஒரு பக்கம். குடிச்சது அவருதானே, நானா ஊத்தினேன்னு ஒரு வீம்பும் இருந்துச்சு. ரெண்டு நாள் அந்த வீம்ப கட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன்.

அண்ணியப் பத்தி சொல்லணும். அவருக்கு மூத்த அக்கா. ரெண்டு பஸ் மாறி தினமும் மத்தியானம் சோத்துப் பார்சலோட வந்தாங்க. தம்பிக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. எனக்கு புடிக்கும்னு கருவாட்டுக் குழம்பு வச்சு, நான் சாப்பிட்டு முடிக்கும் மட்டும் எதிர்ல உக்காந்து பாப்பாங்க. மகளையும் அவங்கதான் வச்சுக்கிட்டாங்க. பிள்ளைக்காம்பரா தாய்மாருங்க என் வேலைய மாறி மாறி பாத்துக்கிட்டாங்க. என்னக் கைவிடாத சனம்.

அஞ்சாவது நாள் பின்னேரம் ரிஸ்வானா மிஸ் வந்தாங்க. முப்பது வயசிருக்கும், கேகாலைப் பக்கத்து முஸ்லிம் பொண்ணு. மருந்து குடுக்குற ஜன்னலுக்கு பின்னாடிதான் அவங்கள பாத்திருக்கேன், நோயாளி கட்டில் பக்கம் வருவாங்கன்னு தெரியாது. கடைசி முடிவெடுக்க முந்தி நீங்க ஒருக்கா பேசிப் பாருங்கன்னு பெரிய டொக்டர் சொல்லியிருக்காரு. அவங்க திட்டவே இல்ல. வீட்டுல இருக்குற மருந்து எல்லாத்தையும், பாணி, எண்ணெய், தைலம் எதுவா இருந்தாலும், ஒண்ணு விடாம கொண்டுவரச் சொன்னாங்க. அண்ணிகிட்ட சொல்லி விட்டேன். சொல்லும்போதே தெரியும், அந்த டின்னும் வரும்னு.

மறுநாள் அண்ணி பையோட வந்தாங்க. மேலாக்க ஒரு அரிஷ்டம் போத்தல். தம்பி இளைச்சுப் போயிட்டான், ரெண்டு மூடி குடிச்சா தெம்பு வரும்னு புதுசா வாங்கிட்டு வந்திருக்காங்க. மிஸ் அத எடுத்து பதமா ஓரமா வச்சாங்க. அக்கா, அரிஷ்டத்துலயும் சாராயச் சத்து இருக்கு, சில இருமல் பாணியிலயும் இருக்கு, இந்த மாத்திரை எடுக்குறவருக்கு ரெண்டு மூடி போதும் மறுபடி இங்க வர்றதுக்குன்னு சொன்னாங்க. அண்ணி நெஞ்சுல கை வச்சுட்டாங்க. அப்புறம் மிஸ் டின்ன திறந்து தட்டுல கொட்டி எண்ணினாங்க. அறுபத்தி மூணு மாத்திரை.

மிஸ் அவரப் பாத்து, "அண்ணா, இது எல்லாம் நீங்க போடாத நாளா?"ன்னு கேட்டாங்க.

அவர் தலைய குனிஞ்சுக்கிட்டு, "ஆமாங்க மிஸ். நான்தான் ஏமாத்திட்டேன்"னு சொன்னாரு.

எனக்கு அப்படியே மூஞ்சில தண்ணி அடிச்ச மாதிரி ஆயிடுச்சு. இந்த மனுசன் எனக்காக பொய் சொல்றாரு. அந்த பொய்யால அவருக்கு மாத்திரை கிடைக்காம போகும், அது தெரிஞ்சும் சொல்றாரு. அண்ணி பக்கத்துல நிக்கிறாங்க. நின்னா நிக்கட்டும். "இல்லைங்க மிஸ், நான்தான் குடுக்கல. மழை நாள்ல குடுக்கல"ன்னு சொல்லிட்டேன். மொத்தத்தையும் சொன்னேன், மடுவம், அவிசாவளை, டின்னு எல்லாம். சொல்லிக்கிட்டே அழுதேன்.

அவர் மெதுவா, "அவ குடுக்காத நாளு எதுன்னு எனக்கு நல்லா தெரியும் மிஸ். மழை எப்ப வரும்னு பாத்துக்கிட்டேதான் இருந்தேன். அஞ்சு நாளு போடல, இனிமே ஒண்ணும் செய்யாதுன்னு நெனச்சுட்டேன்"னு சொன்னாரு.

அண்ணி என்னத் திட்டுவாங்கன்னு நெனச்சேன். அவங்க முந்தானையால என் மூஞ்சிய துடைச்சு விட்டுட்டு, போய் பிளேன்டி வாங்கிட்டு வந்தாங்க.

மிஸ் தட்ட பாத்துக்கிட்டே யோசிச்சாங்க. வேலை நாள்ல ஒரு நாளாவது விட்டீங்களான்னு கேட்டாங்க. ஒரு நாளும் இல்ல. அப்ப இவர் மருந்த ஒளிக்கிற ஆள் இல்ல, குடுத்த நாளெல்லாம் போட்டிருக்காரு, பழக்கத்த கட்டி வச்ச இடம்தான் தப்பு, இத நான் பெரிய டொக்டர்கிட்ட சொல்றேன்னு சொன்னாங்க. அப்புறம் அவர்கிட்ட கேட்டாங்க, மழையோ வெயிலோ, போயா லீவோ ஞாயிறோ, நீங்க ஒரு நாளும் தவறாம செய்யுற காரியம் என்ன? நான் குறுக்க பேசப் போனேன். மிஸ் கைய காட்டி நிறுத்திட்டாங்க. பல்லு விளக்குறதுன்னாரு, அப்புறம் அதுவும் சில நாளு மறந்து போகும்னாரு. மக ஸ்கூல் போறதுன்னாரு, ஞாயித்துக்கிழமை இல்ல.

கடைசியில, வானத்த பாப்பேன் மிஸ்னு சொன்னாரு. பால் வெட்டுற யாரா இருந்தாலும் விடியுறதுக்கு முன்னாடி எந்திரிச்சு வாசலுக்குப் போவாங்க. கைய வெளிய நீட்டி தூறுதான்னு பாப்பாங்க, மேல மூட்டம் இருக்கான்னு பாப்பாங்க. வெட்டு உண்டா இல்லையான்னு அங்கதான் முடிவு. வேலை இல்லாத நாள்லயும் பழக்க தோஷத்துல எந்திரிச்சுப் போய் பாத்துட்டு வந்து படுப்பாரு. பதினெட்டு வருஷமா அந்த தாழ்ப்பாள் சத்தத்துலதான் நான் முழிக்கிறேன். எனக்கு தோணவே இல்ல பாருங்க.

மிஸ் மூஞ்சி மலர்ந்துச்சு. அப்ப மாத்திரை வாசக்கதவு ஆணியில தொங்கட்டும், நனையாம கவருக்குள்ள போட்டு. கதவ திறக்குறதுக்கு முந்தி போடுங்க. வெளிய மழையா இல்லையான்னு தெரியுறதுக்கு முந்தியே போட்டுடணும்னு சொன்னாங்க. அவர் வாயாலயே அத திருப்பிச் சொல்ல வச்சாங்க. ஒரு நாள் மறந்தா என்ன செய்வீங்கன்னு கேட்டாங்க. ரெண்டா போடுவேன்னாரு. இல்ல, மறுநாள் ஒண்ணுதான், ரெண்டு போடவே கூடாது, குடிக்கவும் கூடாதுன்னு சொல்லி அதையும் திருப்பிச் சொல்ல வச்சாங்க. இந்த மருந்து எடுக்குறாருன்னு எழுதின ஒரு அட்டைய சட்டைப் பையில வைக்கக் குடுத்தாங்க. ஈரல் பரிசோதனையும் இதயப் பரிசோதனையும் முடிவு வரும் மட்டும் விட்டமின் மாத்திரைய வச்சுப் பழக்கினாங்க. அவர் காலையில அத போட்டுட்டு வாட்டு ஜன்னலண்டை போய் வானத்த பாத்துட்டு வருவாராம். பக்கத்து கட்டில்காரரு சிரிப்பாராம்.

எனக்கு குடுத்த பாடம்தான் கசப்பு. இனிமே மாத்திரைய நீங்க தொடாதீங்க அக்கா, போட்டீங்களான்னு கேக்காதீங்க, ஞாயித்துக்கிழமை மட்டும் ரெண்டு பேரும் சேர்ந்து எண்ணுங்கன்னாங்க. எண்ணிக்கை பிசகினா ஏன் போடலன்னு கேக்காம, என்ன ஆச்சுன்னு கேளுங்கன்னாங்க. எனக்கு கோவம் வந்துச்சு. செத்துச் செத்துப் பொழைக்கிறது நானு, என்னயே வாயப் பொத்தச் சொல்றாங்களேன்னு. முகத்துக்கு நேராவே கேட்டேன். அவங்க சிரிக்கல. நீங்க நீட்டினா போடுறவரு, நீங்க நீட்டாத நாளு போட மாட்டாரு, அதுதானே நடந்துச்சுன்னாங்க. சரி மிஸ்னுட்டேன்.

பரிசோதனை முடிவு பாதகமில்லாம வந்துச்சு. பெரிய டொக்டர் அவர்கிட்ட ரெண்டே வழிதான் இருக்குன்னு சொன்னாரு. ஒழுங்கா போடு, இல்லாட்டி அறவே விடு, அரைகுறை மட்டும் வேணாம். இவர் போடுறேன்னாரு. பத்தாவது நாள் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பினாங்க. வாரா வாரம் மிஸ்கிட்ட வரணும்னு சொல்லி விட்டாங்க.

வீட்டுக்கு வந்தும் என் பயம் போகல. ஆஸ்பத்திரியிலயாவது மிஸ்ஸி இருக்காங்க, மெஷின் இருக்கு. இங்க ஆணியும் கவரும்தான். காலையில அவர் எந்திரிக்கிறது கேக்கும். கவரு சரசரக்குதான்னு மூச்சப் பிடிச்சுக்கிட்டு கெடப்பேன். அப்புறம் தாழ்ப்பாள். கேக்கக்கூடாது, கேக்கக்கூடாதுன்னு உதட்ட கடிச்சுக்குவேன். நாலு ஞாயிறு எண்ணினோம், கணக்கு நேரா இருந்துச்சு. அஞ்சாவது வாரம் மழை புடிச்சது. நாலு நாளா வெட்டு இல்ல. ஓடு தடதடன்னு அடிச்சதுல கவரு சத்தமும் கேக்கல, ஒண்ணும் கேக்கல.

வியாழக்கிழமைக்கு மேல பொறுக்க என்னால முடியல. அவர் மகள கூட்டிட்டு வர பஸ் நிக்கிற எடத்துக்குப் போன நேரம் பாத்து கவர எடுத்து எண்ணினேன். ஒண்ணு கூடுதலா இருந்துச்சு. மறுபடி எண்ணினேன். ஒண்ணு கூடுதல்தான். வாசப்படியிலயே உக்காந்துட்டேன். மறுபடியும் அந்த த்ரீவீல், அந்த கதவு, அந்த பெஞ்சு, எல்லாம் கண்ணு முன்னாடி வந்துச்சு.

அவர் வந்தாரு. மக உள்ள போய் உடுப்பு மாத்தினா. ஏன் போடலன்னு தொண்டை வரைக்கும் வந்தத முழுங்கிட்டு, "என்ன ஆச்சுங்க?"ன்னு கேட்டேன். கையில கவரு இருந்துச்சு. அவருக்கு விளங்கிடுச்சு.

"நேத்து கையில எடுத்தேன் புள்ள. வெளிய கொட்டுற சத்தம் கேட்டுச்சு. ஒரு நாள் விட்டா என்னன்னு மனசு சொல்லிச்சு. விட்டுட்டேன். குடிக்கல. ஆனா அன்னைக்கு பூரா அதே நெனப்பு. இன்னைக்கு காலையில ஒண்ணு போட்டுட்டு மிஸ்ஸுக்கு போன் பண்ணிச் சொல்லிட்டேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"வாய் வரல. அதான் அத அப்படியே உள்ள வச்சேன். ஓடையில எறிஞ்சிருந்தா கணக்கு சரியா இருந்திருக்கும், உனக்கு தெரிஞ்சே இருக்காது. நீ எப்படியும் எண்ணுவேன்னு எனக்கு தெரியும்."

அவர் குடிக்க ஆரம்பிச்சதுலேர்ந்து, வீட்டுக்குள்ள காலடி வச்சதும் ஏதாவது எடுக்குற மாதிரி கிட்டப் போய், குடிச்சிருக்காரான்னு வாய மோந்து பாக்குறது எனக்கு வழக்கம். அவருக்கும் அது தெரியும், மூச்ச அடக்கிக்கிட்டு நிப்பாரு. அன்னைக்கும் அப்படித்தான் மூச்ச அடக்கிக்கிட்டு நின்னாரு. நான் கிட்டப் போகல. கவர ஆணியில மாட்டிட்டு, தேத்தண்ணி வைக்க அடுப்பங்கரைக்குப் போயிட்டேன்.